கார் விபத்து, மனைவிக்குக் கை முறிவு, நாலு இடத்திலிருந்து பில்: எதை முதல்ல கட்டணும்?

புதுசா வந்தவன்:
எல்லாருக்கும் வணக்கம். பதட்டத்துல எழுதறேன், முன்னுக்குப் பின் இருந்தா மன்னிச்சுக்கோங்க. அமெரிக்கா வந்து நாலு மாசம் ஆகுது. மூணு வாரம் முன்னாடி சிக்னல்ல நின்னுட்டு இருந்தப்போ பின்னாடி வந்த வண்டி இடிச்சிடுச்சு. மனைவிக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிடுச்சு. ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போனாங்க, ராத்திரியே கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. இப்போ தபால் பெட்டியைத் திறக்கவே பயமா இருக்கு. ஆஸ்பத்திரி 11,260 டாலர். எமர்ஜென்சி டாக்டர் தனியா 1,936. எக்ஸ்ரே பார்த்தவர் 412. ஆம்புலன்ஸ் 1,480. ஒரே ராத்திரிக்கு நாலு பில்லா? ஆஸ்பத்திரி பில்லுல உடனே கட்டினா 20 சதவீதம் தள்ளுபடின்னு போட்டிருக்கு. என் கிரெடிட் கார்டு லிமிட்டே 2,000 தான். நண்பர்கள்கிட்ட கைமாத்து வாங்கிக் கட்டிடலாமா? கட்டலைன்னா என் எச்1பி வேலை விசா நீட்டிப்புல பிரச்னை வருமா? ஊர்ல இன்னும் யாருக்கும் சொல்லலை.

டல்லாஸ் அக்கா:
தம்பி, ஒரு பைசா கட்டாதீங்க. இடிச்சவனோட இன்சூரன்ஸ்தான் தரணும். ஆனா பில் வர வர தர மாட்டான், எல்லாம் முடிஞ்சப்புறம் மொத்தமாத்தான் செட்டில் பண்ணுவான். எங்களுக்கு வந்த புதுசுல இதே கதை. டெக்சாஸ்ல கார் பாலிசியோட பிஐபின்னு 2,500 டாலர் மருத்துவச் செலவு கவரேஜ் தானா வரும், வேண்டாம்னா எழுதிக் கொடுக்கணும். மாசத் தவணை குறையுதேன்னு அந்தக் கட்டத்துல டிக் அடிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கோம், என்னன்னே படிக்காம. ரெண்டு மாசம் கழிச்சு ஹைவேல அடிபட்டப்போதான் புரிஞ்சுது. எட்டு மாசம் அந்த பில்லுகளை அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருந்தேன், வீட்டுக்காரர் கண்ணுல படக்கூடாதுன்னு.

பழைய எச்1பி:
அக்கா சொல்றதைக் கேட்டா கிரெடிட் ஸ்கோர், அதான் கடனை ஒழுங்காக் கட்டறோமான்னு போடற மார்க், போயிடும். நான் 2009ல கண்ணை மூடிட்டுக் கட்டினேன். மாசம் 150 டாலர், ரெண்டரை வருஷம். அந்த நேரத்துல கார் இல்லை, பனியில ரெண்டு மைல் நடந்து போய் பால் வாங்குவோம். இப்போ வர்ற பசங்களுக்கு எல்லாம் ஆப்புல கிடைக்குது, அதான் கஷ்டம் தெரியலை.

புதுசா வந்தவன்:
ஒருத்தர் கட்டாதேன்றீங்க, ஒருத்தர் கட்டுன்றீங்க. வீட்டுல அவங்க வலது கையைத் தூக்க முடியாம இருக்காங்க. நான் ஆபீஸ்ல இருந்து இதைப் பார்த்துட்டு இருக்கேன்.

ஸ்காபரோ அண்ணை:
தம்பி, பயப்பிடாதேங்கோ. விபத்து நடந்து 7 நாளுக்குள்ள காப்புறுதிக் கொம்பனிக்கு அறிவிக்க வேணும். பிறகு ஓசிஎஃப்-1 எண்டொரு படிவம் வரும், 30 நாளுக்குள்ள நிரப்பிக் குடுக்க வேணும். ஆஸ்பத்திரிக்கு ஓகிப், அதுதான் மாகாண அரசின்ர மருத்துவக் காப்புறுதி, குடுக்கும், பிசியோவுக்குக் கார் காப்புறுதி குடுக்கும். ஆனா கவனம், என்ர மனுசிக்குக் கழுத்து நோ எண்டு போக, சின்னக் காயம் எண்டு எழுதி 3,500 டொலரோட நிப்பாட்டிப் போட்டினம். நான் 94இல வந்தனான். ஒரு ஜக்கெற்றை மூண்டு பேர் மாத்தி மாத்திப் போட்ட காலம் அது.

புதுசா வந்தவன்:
அண்ணா, நன்றி. ஆனா நாங்க கனடா இல்லை.

ஸ்காபரோ அண்ணை:
ஓ, மன்னிக்கோணும். தலைப்பை மட்டும் பாத்திட்டன்.

மதுரைக்காரன்:
நம்ம ஊர்ல 108க்கு போன் போட்டா காசு கேட்டானா? 2021 டிசம்பர்ல வந்த நம்மைக் காக்கும் 48 திட்டத்துல முதல் 48 மணி நேரம் விபத்து சிகிச்சை இலவசம், தனியார் ஆஸ்பத்திரியிலயே. இங்க ஏறி உட்கார்ந்ததுக்கு 1,480 டாலராம்.

பழைய எச்1பி:
108 எத்தனை நிமிஷத்துல வந்துச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

மதுரைக்காரன்:
எங்க அப்பாவுக்குப் பன்னெண்டு நிமிஷத்துல வந்துச்சு. உங்களுக்கு ஊரைக் குறை சொல்லலைன்னா சோறு இறங்காதே.

டல்லாஸ் அக்கா:
உங்க ரெண்டு பேருக்கும் வேற இடமே கிடைக்கலையா? அந்தப் பொண்ணு கை ஒடிஞ்சு கிடக்குது.

பில்லிங் மேசை:
நான் ஒரு ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவுல ஒன்பது வருஷமா வேலை பார்க்கிறேன். இதுவரை சொன்னவங்க எல்லாரும் அவங்கவங்க மாநிலத்துக்குச் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. உங்க மாநிலம் எதுன்னு ஒருத்தரும் கேட்கலை, நீங்களும் சொல்லலை. தம்பி, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. எந்த மாநிலம்? வண்டி யாரோடது? உங்க பேர்ல கார் பாலிசி ஏதாவது இருக்கா? ஆஸ்பத்திரியில என்ன கார்டு கொடுத்தீங்க?

புதுசா வந்தவன்:
நியூ ஜெர்சி, எடிசன். எங்களுக்குக் கார் இல்லை, லெர்னர்ஸ் பெர்மிட்தான் வாங்கியிருக்கேன். வண்டி என் நண்பரோடது, அவர்தான் ஓட்டினார். பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டுத் திரும்பும்போது ரூட் 1ல நடந்தது. அதனாலதான் அதை எழுதலை. நல்லது செய்ய வந்த மனுஷன், அவர் இன்சூரன்ஸை இதுல இழுக்க மனசு வரலை. பில் வந்ததே அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில ஆபீஸ் ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டைக் காட்டினோம். அந்த இன்சூரன்ஸ்காரங்ககிட்ட இருந்து விபத்து பத்திக் கேட்டு ஒரு கடிதம் வந்துச்சு, விளம்பரம்னு நினைச்சு ஓரமா வச்சிட்டேன்.

பில்லிங் மேசை:
இப்போதான் கதை முழுசா வந்திருக்கு. அந்தக் கடிதத்தை இன்னைக்கே தேடி எடுங்க. அடிபட்டது கார் விபத்துலன்னு தெரிஞ்சா ஹெல்த் இன்சூரன்ஸ் க்ளெய்மை நிறுத்தி வச்சு, வேற யாராவது தரணுமான்னு கேட்கும். நீங்க பதில் போடலைன்னா பில் நேரா உங்க வீட்டுக்குத்தான் வரும். மூணு வாரத்துல நாலு பில் வந்ததுக்கு பெரும்பாலும் அதுதான் காரணம். நாலா வர்றதும் தப்பில்லை. எமர்ஜென்சி டாக்டரும் எக்ஸ்ரே படிக்கிறவரும் பல இடத்துல ஆஸ்பத்திரி ஆளுங்களே இல்லை, தனித்தனிக் கம்பெனி.

நியூ ஜெர்சி நோ-ஃபால்ட் மாநிலம். யார் தப்புன்றது மருத்துவச் செலவுக்கு முக்கியமில்லை. சொந்த பாலிசி இருந்தா அதோட பிஐபி தரும். உங்க வீட்டுல பாலிசியே இல்லாததால, நீங்க உட்கார்ந்து வந்த வண்டியோட பிஐபி. அதாவது உங்க நண்பர் பாலிசி. அவர் ஸ்டாண்டர்ட் பாலிசியில குறைச்சு எடுக்காம விட்டிருந்தா 2,50,000 டாலர் வரைக்கும் கவரேஜ். குறைச்சிருந்தா 15,000ல இருந்து 1,50,000க்குள்ள ஏதாவது. எதுவானாலும் உங்க 15,088க்கு அவர் இன்சூரன்ஸ்கிட்ட பேசாம ஒரு டாலர்கூடக் கட்டாதீங்க. அந்த 20 சதவீதத் தள்ளுபடி கைக்காசு கட்டறவங்களுக்கு. பிஐபி கொடுக்கிற விலை மாநிலக் கட்டணப் பட்டியல்படிதான், அதுக்கு மேல உங்ககிட்ட மீதி கேட்கக் கூடாது. டிடக்டிபிளும் (இன்சூரன்ஸ் தர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நம்ம கையில இருந்து போற தொகை), 5,000 டாலர் வரைக்கும் 20 சதவீதமும் உங்க பங்குன்னு வரலாம். வந்தா அதை ஹெல்த் இன்சூரன்ஸுக்கு அனுப்பிப் பாருங்க.

நண்பரைக் கூப்பிட்டுப் பேசுங்க. அவர் சிக்னல்ல நின்னவர், தப்பு இடிச்சவன் மேல. அவர் ஏற்கனவே வண்டி பம்பருக்கு க்ளெய்ம் போட்டிருப்பார். அதே நம்பர்ல உங்க மனைவி பேரையும் பிஐபிக்குச் சேர்க்கச் சொல்லணும், அவ்வளவுதான். க்ளெய்ம் நம்பர் கிடைச்சதும் நாலு பில்லுலயும் இருக்கிற போன் நம்பருக்குக் கூப்பிட்டு, இது ஆட்டோ விபத்து, இந்த நம்பருக்கு அனுப்புங்கன்னு சொல்லுங்க. யார்கிட்ட, எந்தத் தேதி பேசினீங்கன்னு எழுதி வச்சுக்கோங்க. போலீஸ் ரிப்போர்ட் நகலும் வாங்கி வைங்க.

கட்டுப் பிரிச்சப்புறம் பிசியோதெரபி இருக்கும். போறதுக்கு முன்னாடி பிஐபிகிட்ட முன் அனுமதி வாங்கச் சொல்லுங்க. முதல் 10 நாளுக்கு அது தேவையில்லை, நீங்க அதைத் தாண்டிட்டீங்க. வாங்காம போனா பாதி வரைக்கும் பிடிச்சிடுவாங்க.

டல்லாஸ் அக்கா:
சரி, நான் சொன்னது எங்க ஊர்க் கதை. ஆனா கட்டாதேன்னது சரிதானே!

பழைய எச்1பி:
கிரெடிட் ஸ்கோர்?

பில்லிங் மேசை:
2009 நிலைமை வேற. நியூ ஜெர்சியில 2024 ஜூலைல ஒரு சட்டம் கையெழுத்தாச்சு. மருத்துவக் கடனை ஸ்கோர் போடற கிரெடிட் பியூரோக்களுக்கு அனுப்பக் கூடாது, முதல் பில்லுல இருந்து 120 நாள் ஆகாம கலெக்ஷனுக்கும், அதாவது கடன் வசூல் நடவடிக்கைக்கும், போகக் கூடாது. எச்1பி நீட்டிப்பு படிவத்துல ஆஸ்பத்திரி பாக்கி பத்திக் கேள்வி கிடையாது. அந்த ரெண்டையும் மனசுல இருந்து இறக்கி வைங்க.

மதுரைக்காரன்:
வக்கீல் வைக்கச் சொல்லலையே? எனக்கெல்லாம் அடிபட்ட மறுநாளே போன் வந்துச்சு, நல்ல டாக்டர் இருக்கார், வக்கீலும் இருக்கார், நீங்க வந்தா போதும்னு. எப்படித்தான் நம்பர் கிடைக்குதோ.

பில்லிங் மேசை:
அவங்களுக்குப் பேர் ரன்னர். ஆள் பிடிச்சுக் கொடுத்துக் காசு வாங்கறது இங்க குற்றம். அப்படி போன் வந்தா வச்சிடுங்க. எலும்பு முறிவுன்றதால ஒரு வக்கீல்கிட்ட நீங்களாப் போய் ஒரு தடவை கேட்கிறது தப்பில்லை. பெரும்பாலும் முதல் பேச்சுக்குக் காசு வாங்க மாட்டாங்க. வழக்கு போட 2 வருஷம் இருக்கு. பில் விஷயத்துக்கு வக்கீல் தேவையில்லை. இடிச்சவன் இன்சூரன்ஸ்ல இருந்து அன்பாப் பேசி ஒரு செக் தர்றேன்னு சொன்னா, கை சரியாகிற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.

இன்னொண்ணு. நண்பர் பாலிசியில வீட்டு வேலை உதவிக்கு ஒரு நாளைக்கு 12 டாலர்னு ஒரு சலுகை இருக்கலாம். அது உங்க மனைவிக்கும் பொருந்துமான்னு கேளுங்க. பொருந்தினா, சமைக்க ஆள் வச்சதுக்கு ரசீது வேணும்.

புதுசா வந்தவன்:
நேத்து நண்பர்கிட்ட பேசிட்டேன். திட்டினார். மூணு வாரமா தினமும் சாப்பாடு கொண்டு வந்து கொடுக்கிறேன், இதைச் சொல்ல வாய் வரலையான்னு கேட்டார். அவரே லைன்ல இருந்து பிஐபி க்ளெய்ம் திறந்து கொடுத்தார். ஆஸ்பத்திரியும் எக்ஸ்ரேவும் நம்பரை எழுதிக்கிட்டாங்க, பில்லை நிறுத்தி வைக்கிறோம்னாங்க. எமர்ஜென்சி டாக்டர் கம்பெனியில நாற்பது நிமிஷம் பாட்டு கேட்டேன், கட் ஆயிடுச்சு, நாளைக்குத் திரும்பப் பண்றேன். ஹெல்த் இன்சூரன்ஸ் கடிதம் ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சு, நிரப்பிட்டேன். ஆம்புலன்ஸ்காரங்க மட்டும் போன்ல சொன்னா ஏத்துக்க மாட்டோம், ஃபாக்ஸ் அனுப்புங்கன்றாங்க. இந்தக் காலத்துல ஃபாக்ஸுக்கு எங்க போறது?

டல்லாஸ் அக்கா:
பப்ளிக் லைப்ரரில கேட்டுப் பாருங்க, நான் அங்கதான் அனுப்பினேன். அனுப்பிச்சதுக்கு ஒரு சீட்டு வரும் தம்பி, அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க.