பாலத்தில் இரண்டு வருஷம்: சோனி ரோலின்ஸ் செய்தது சரியா?

நடுநிசி:
1959 கோடையில் ஜாஸ் கலைஞர் சோனி ரோலின்ஸுக்கு 28 வயது. டெனர் சாக்ஸபோன் என்றதும் நியூயார்க்கில் முதலில் வரும் பெயர்களில் அவருடையதும் ஒன்று. அந்த நேரத்தில் கச்சேரி, பதிவு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த வில்லியம்ஸ்பர்க் பாலத்து நடைபாதையில் நின்று சாதகம் செய்தார். 1961 கடைசியில்தான் மேடைக்குத் திரும்பினார். கிடைத்த பெயருக்கு ஏற்ற வாசிப்பு தன்னிடம் இல்லை என்று தோன்றியதாகப் பிறகு சொல்லியிருக்கிறார். இதைவிட நேர்மையான முடிவை ஒரு கலைஞர் எடுக்க முடியாது என்பது என் எண்ணம்.

கருங்கட்டை:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜாஸ் என்பது பக்கத்தில் வாசிப்பவரைக் கேட்டு அந்த நொடியே பதில் சொல்கிற கலை. பாலத்தில் பதில் சொல்ல யார் இருந்தார்கள்? அவர் ஒதுங்கியிருந்தபோதுதான், 1959 நவம்பரில், வழக்கமான ஜாஸ் கட்டுப்பாடுகளை உதறிய சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வந்து இறங்கினார். ஜாஸ் உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. 1962-இல் ரோலின்ஸ் 'தி பிரிட்ஜ்' இசைத்தட்டோடு வந்தபோது, பெரிய மாற்றத்தை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். அவருடைய பெரிய புதுமை 1957-லேயே வந்துவிட்டது. பியானோவே வேண்டாம் என்று பாஸையும் டிரம்ஸையும் மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தாரே, அது. கூட்டாளிகளோடு சேர்ந்து வாசித்துக் கண்டது அது. தனியாக நின்று கண்டதில்லை.

ஊதுகுழல்:
நான் 11 வருஷமாக ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிக்கிறேன், அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ரோலின்ஸ் பாலத்துக்குப் போனதற்கு ஒரு காரணம், பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தது. எனக்கும் அடுக்குமாடி வீடுதான். துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்குள் வாத்தியத்தின் வாயை நுழைத்து வாசிப்பேன். ராத்திரியில் அதுவும் முடியாது. சட்டைகளுக்குள் நுழைக்காமல் திறந்து வாசிப்பது மத்தியானத்தில் ஒரு மணி நேரம்தான்.

ஒருநாள் விடியற்காலை கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மத்தியானங்களில் அறையில் குண்டாக முழங்கிய கீழ் ஸ்வரம் அங்கே தகர டப்பா மாதிரி கேட்டது. சுவர் திருப்பிக் கொடுத்ததையெல்லாம் என் நாதம் என்று அத்தனை நாள் நம்பியிருக்கிறேன். வெளியில் ஊதினால் எதுவும் திரும்பி வராது. உங்களிடம் இருப்பது மட்டும்தான் கேட்கும். பாலத்தில் ரோலின்ஸுக்கோ பக்கத்தில் ரயில் ஓடுகிறது, கீழே படகுகள் ஹாரன் அடிக்கின்றன. குளிரில் குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருதி வேறு இறங்கும். இரண்டு வருஷம் அதில் நின்ற மனுஷனை 'பதில் சொல்ல ஆளில்லை' என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

கருங்கட்டை:
அந்தக் கடற்கரை விஷயம் நெஞ்சைத் தொட்டது அண்ணா. நாதம் பெருகியிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் நாதம் வேறு, கற்பனை வேறு.

நடுநிசி:
அப்படியானால் இதைப் பாருங்கள். அதே 1962-இல் கோல்மன் குழுவில் இருந்த டிரம்பெட்காரர் டான் செரியையும் டிரம்ஸ்காரர் பில்லி ஹிக்கின்ஸையும் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார் ரோலின்ஸ். தன்னைப் பழையவர் ஆக்கிவிட்டதாக எல்லோரும் சொன்ன அந்த இசையின் ஆட்களையே கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். பயந்து ஒதுங்கியவர் இதைச் செய்வாரா?

அப்புறம், 1960-களின் பிற்பகுதியில் பம்பாய் பக்கம் பவாயில் ஓர் ஆசிரமத்தில் தங்கினார். 1969-இல் மறுபடியும் மேடையை விட்டார். அவருக்கு வாசிப்பைச் சரிசெய்வதும் தன்னைச் சரிசெய்வதும் ஒரே வேலை. அதைப் புதுமைக் கணக்கில் மட்டும் வைத்து அளந்தால் பாதியைத் தவறவிடுவோம்.

கருங்கட்டை:
செரியைச் சேர்த்தது பாலத்தை விட்டு இறங்கிய பிறகுதானே? நான் சொல்வதும் அதைத்தான். கற்பனையைக் கிளறிவிட இன்னொரு மனிதர் வேண்டியிருந்தது.

ஊதுகுழல்:
சரி, ஆனால் அந்த இன்னொரு மனிதரைக் கேட்கும் தெம்பு எங்கிருந்து வந்தது? செரியோடு வாசித்ததையும் 'தி பிரிட்ஜை'யும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள் தம்பி. பிறகு பேசுவோம்.