கலந்து கட்டின ரோடு பைக்கைக் குன்னூரில் இருந்து எப்படி விக்கிறது?

வெலிங்டன்_ரோடி:
வணக்கம் அண்ணா எல்லாருக்கும். ரோடு பைக் (கியர் சைக்கிள்) ஒண்ணு விக்கணும். கம்பெனியில் வந்தபடி இல்ல, பாகம் பாகமா வாங்கிப் பூட்டினது. ஃபிரேம் டிரைபன் 500, அலுமினியம், சைஸ் 54. ஷிஃப்டரும் (கியர் மாத்துற லீவர்) முன் டீரெய்லரும் (செயினை நகர்த்துற கருவி) ஷிமானோ 105, 5700 வரிசை, 10 ஸ்பீடு (பின்னால 10 கியர்). பின் டீரெய்லர் டியாக்ரா 4700 ஜிஎஸ். கிராங்க் (பெடல் மாட்டுற கை) அல்டெக்ரா 6800, முன் செயின்ரிங் 50/34 பல். கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) 10 ஸ்பீடு, 11-32 பல். வீலில் 11 ஸ்பீடு ஃப்ரீஹப் (கேசட் மாட்டுற உருளை), ரிம் பிரேக்தான். கேசட்டின் சின்ன பல்லில் கியர் செட் பண்ணினா பெரிய பல்லுப் பக்கம் உட்கார மாட்டேங்குது, அங்க சரி பண்ணினா இங்க கெடுது. இப்படியே விக்கலாமா, பிரிச்சு விக்கலாமா? விலை எப்படிப் போடுறது? ஃபிரேமுக்கு மட்டும் பில் இருக்கு.

கோத்தகிரி_ஸ்பேனர்:
தம்பி, விலைக்கு முன்னாடி அந்தக் கியரைப் பாருங்க. அது ட்யூனிங் கோளாறு இல்ல. 5700 ஷிஃப்டரும் 4700 பின் டீரெய்லரும் சேரவே சேராது. ரெண்டும் 10 ஸ்பீடுதான், ஆனா 4700-ல் ஷிமானோ கேபிள் இழுப்புக் கணக்கையே மாத்திட்டாங்க.

5700 ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு ஏறத்தாழ 2.3 மி.மீ. கேபிள் இழுக்கும். பழைய டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கி நகரும், அதாவது 3.9 மி.மீ. 10 ஸ்பீடு கேசட்டில் பல்லுக்குப் பல் இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 4700 டீரெய்லரின் மடங்கு 1.4. அப்போ ஒரு கிளிக்குக்கு 3.2 மி.மீ.தான் நகரும். ஒவ்வொரு கிளிக்கிலும் 0.7 குறைஞ்சுக்கிட்டே போனா ஒன்பதாவது கிளிக்கில் ஒன்றரைப் பல் தூரம் பின்தங்கி நிக்கும். பேரல் அட்ஜஸ்டர், லிமிட் ஸ்க்ரூ எதைத் திருகினாலும் இது சரியாகாது.

ஷிஃப்டரை மாத்தாதீங்க, செலவு அதிகம். பின் டீரெய்லரை மட்டும் மாத்துங்க. 9 ஸ்பீடு மலை சைக்கிள் டீரெய்லர், டியோர் எம்591 மாதிரி, 1.7 கணக்குதான். 5700 ஷிஃப்டரோட ஒத்துப்போகும், 32 பல்லையும் தாராளமா ஏறும். 10 ஸ்பீடு மலை டீரெய்லர் வாங்கிடாதீங்க, அதோட கணக்கு வேற. டீரெய்லரின் கூண்டு (செயின் ஓடுற கீழ்ப்பகுதி) நீளம் மாறுறதால செயினை மறுபடி அளக்கணும்: டீரெய்லர் வழியா விடாம பெரிய செயின்ரிங், பெரிய பல் ரெண்டையும் சுத்தி, அதுக்கு மேல ரெண்டு லிங்க். கழட்டின 4700-ஐத் தனியா வித்துடுங்க. 4700 ஷிஃப்டரோ 11 ஸ்பீடு 5800 ஷிஃப்டரோ வெச்சிருக்கிறவங்களுக்கு அது ஆகும்.

இன்னொண்ணு, 11 ஸ்பீடு ஃப்ரீஹப்பில் 10 ஸ்பீடு கேசட் போட்டா பின்னால 1.85 மி.மீ. ஸ்பேசர் கட்டாயம். சில கேசட்டுக்கு அதோட 1 மி.மீ. வளையமும் வேணும். கேசட்டைப் பிடிக்கிற லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் முறுக்கின பிறகும் கேசட் கையில் ஆடுதுன்னா ஸ்பேசர் விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

பர்லியார்_ஏத்தம்:
கிராங்க் அல்டெக்ரா 6800-ன்னு எழுதியிருக்கீங்க. இதை லேசா எடுத்துக்காதீங்க. ஒட்டிச் செஞ்ச 11 ஸ்பீடு ஹாலோடெக் (உள்ளே குழலான) கிராங்குகள் ஒட்டு விட்டுப் பிரியுதுன்னு ஷிமானோவே 2023 செப்டம்பரில் சோதனைக்குத் திரும்ப அழைச்சாங்க. அல்டெக்ரா 6800, ஆர்8000, டியூரா-ஏஸ் 9000, ஆர்9100 எல்லாம் அதில் அடக்கம். 2019 ஜூலைக்கு முன் தயாரானவை. கிராங்க் கையின் உள்பக்கம் தயாரிப்புக் குறி எழுத்து இருக்கும், அதை ஷிமானோ பட்டியலோட ஒப்பிடுங்க. பட்டியலில் இருந்தா கடையில் சோதிச்ச பிறகுதான் விக்கணும். நீங்களும் உள்பக்கம் துடைச்சுட்டு ஒட்டு ஓரத்தில் நகம் மாட்டுற அளவுக்கு இடைவெளி தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா அந்த கிராங்கை யாருக்கும் கொடுக்காதீங்க. கல்லார் ஏத்தத்தில் எழுந்து நின்னு மிதிக்கும்போது அது உடைஞ்சா ஆள் விழுந்துடுவார்.

அடுத்தது ரிம். குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் போனா சுமார் 1,500 மீட்டர் உயரம் இறங்குது, அத்தனையும் பிரேக் கட்டைதான் தாங்குது. இங்கே ஓடின ரிம் சமவெளி ரிம்மை விடச் சீக்கிரம் தேயும். பிரேக் படுற பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வெச்சு வெளிச்சத்தில் பாருங்க. நடுவில் குழி விழுந்து ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிஞ்சா ரிம் தேஞ்சிருக்கு. அதைத் தேய்மானக் குழியோட அளவோட சேர்த்து போட்டோ எடுத்துப் போடுங்க. ரப்பர் கட்டையில் புதைஞ்ச அலுமினியத் துணுக்கை ஊசியால் நெம்பி எடுத்துட்டு, உப்புத்தாளில் தேச்சு மாட்டுங்க. மழை நாளில் அதுதான் ரிம்மை அறுக்குது.

கோவை_சமவெளி:
விலை பத்தி சொல்றேன். ஒவ்வொரு பாகத்துக்கும் கொடுத்த காசைக் கூட்டாதீங்க, வாங்குறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அதே 10 ஸ்பீடு, அதே ரிம் பிரேக்கில் கம்பெனி வண்டி பழசா என்ன விலைக்குப் போகுதோ அதில் ஆரம்பிச்சு, கொஞ்சம் குறைச்சுப் போடுங்க. பிரிச்சு வித்தா மொத்தத்தில் கூடவே வரும், ஆனா கடைசியில் ஃபிரேம் மட்டும் கையில் நிக்கும். கியரைச் சரி பண்ணின பிறகு முழு வண்டியா விக்கிறதுதான் என் பார்வையில் நல்லது.

விளம்பரத்தில் '105 செட்'னு ஒரே வார்த்தையில் முடிக்காதீங்க. வரிசை எண்ணோட எழுதுங்க. டீரெய்லர் மாத்தினதையும் காரணத்தையும் எழுதுங்க, தெரிஞ்சவங்க அதைப் படிச்சதும் நம்புவாங்க. செயின் அளவும் போடுங்க: 12 லிங்க் (உள்ளும் வெளியும் சேர்ந்தது ஒண்ணு) புதுசில் 304.8 மி.மீ., 307-ஐத் தொட்டா மாத்திடணும். ஃபிரேம் நம்பர் கிராங்க் அச்சுக்கு அடியில் இருக்கும், பில்லோட ஒத்துப் போகுதான்னு பாருங்க.

மலைக்காரங்களுக்கு 34/32 கீழ் கியர்தான் (முன்னால 34, பின்னால 32 பல்) பெரிய ஈர்ப்பு, அதைத் தலைப்பிலேயே போடுங்க. கோவைக்காரங்க அதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க.

வெலிங்டன்_ரோடி:
ரொம்ப நன்றி அண்ணா. கிராங்க் குறியை இன்னைக்கே பாக்குறேன். கோவையில் இருந்து ஆள் வந்தா கார் மலை ஏறி வர இ-பாஸ் வேணும்ல?

கோத்தகிரி_ஸ்பேனர்:
ஆமா, 2024 மே 7-ல் இருந்து. நீலகிரிப் பதிவான டிஎன்-43 வண்டிக்கும் அரசு பஸ்ஸில் வர்றவங்களுக்கும் தேவையில்ல. முடிஞ்சா மேட்டுப்பாளையத்திலேயே சந்திங்க, ஓட்டிப் பாக்குறதுக்கும் சமதளம் கிடைக்கும். ஓட்டக் கொடுக்கும் முன்னாடி ஸ்டெம் போல்ட் (ஹேண்டில்பாரைப் பிடிக்கிறது), பிரேக், குவிக் ரிலீஸ் (சக்கரத்தைப் பிடிக்கிற லீவர்) மூணையும் நீங்களே ஒரு தடவை முறுக்கிப் பாருங்க. கிராங்கின் இடது கை போல்ட் ரெண்டும் 12-ல் இருந்து 14 நியூட்டன் மீட்டர், ரெண்டையும் மாறி மாறி முறுக்கணும். பார்சல் அனுப்புறதா இருந்தா டீரெய்லரைக் கழட்டி, துணி சுத்தி ஃபிரேமுக்கு உள்பக்கமா கட்டிடுங்க. டீரெய்லர் மாட்டுற ஹேங்கர் வளைஞ்சு போச்சுன்னா நீங்க பண்ணின ட்யூனிங் எல்லாம் வீண்.