1971 புரூஃப் செட்டைக் கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

தலவாக்கலை மூடுபனி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவர். போன மாதம் அவருடைய தகரப் பெட்டியைத் துப்புரவாக்கும்போது 1971ஆம் ஆண்டு சிலோன் புரூஃப் செட் (சேகரிப்பவர்களுக்கென்று கண்ணாடி போல மெருகாக அடித்த காசுகள்) ஒன்று கிடைத்தது. ஒரு சதத்திலிருந்து ஒரு ரூபா வரை ஏழு காசு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தபடியே இருக்கிறது. சதுர ஐந்து சதத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. ரூபாக் காசின் ஓரத்தில் மட்டும் பால் படிந்த மாதிரி ஒரு மங்கல்.

கொழும்பில் ஒரு வியாபாரியிடம் படம் காட்டினேன். "அமெரிக்காவுக்குக் கிரேடிங்குக்கு அனுப்பினால் தர எண் 70 வரும், அதுதான் உச்சம், லட்சக்கணக்கில் போகும், நானே அனுப்பித் தாறேன்" என்கிறார். அதற்கு அவர் கேட்கிற சல்லிதான் யோசிக்க வைக்கிறது. ஏழு காசையும் அனுப்பலாமா?

பேராதனைக் காசுப்பை:
தம்பி, முதல் வேலை, அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். கிரேடிங்குக்குப் போக வேண்டுமென்றால் காசுகளை வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு அது செட் இல்லை, ஏழு சில்லறை.

கணக்கைப் பாருங்கள். காசைச் சோதித்துத் தர எண் போட்டு பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருகிற அமெரிக்க நிறுவனங்கள் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டிலும் நவீன காசு ஒன்றுக்குச் சுமார் இருபது டொலர் ஆகும். ஏழுக்கு 140. அதற்கு மேல் கையாளும் கட்டணம், போக வரத் தபால், காப்புறுதி, இடையில் நிற்பவரின் பங்கு. திரும்பி வரும்போது சுங்கத்தில் "இது என்ன?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு நாள் கொழும்புக்குப் போக வேண்டும். அந்தச் செட்டோ மொத்தம் 20,000 செட் அடித்தார்கள், அரிதில்லை. வெளிநாட்டு ஏலத் தளங்களில் முழுச் செட்டும் இருபது, முப்பது டொலருக்குள் கிடக்கிறது.

பண்டாரவளை வெயில்:
அண்ணன் சொல்வது இந்தச் செட்டுக்குச் சரி. ஆனால் எல்லா நவீன புரூஃபும் வீண் என்று சொல்ல மாட்டேன். நான் அமெரிக்காவின் "வெள்ளிக் கழுகு" காசில் புரூஃப் நான்கு அனுப்பினேன். ஒன்று 70, இரண்டு 69. நான்காவதற்கு எண்ணே தரவில்லை, "சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அது என் கைவேலை. விரல் ரேகை பட்டதென்று சாரம் முனையால் ஒரே ஒரு தரம் துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் முடி போல நூறு கோடு.

70 வந்ததை விற்றேன். நான்குக்கும் கட்டிய கட்டணம் திரும்பி வந்தது, அவ்வளவுதான். 69 இரண்டும் வெறும் காசு விலைக்கு மேலே ஏறவே இல்லை.

நுவரெலியா மப்ளர்:
ஓய்வு பெற்ற வாத்தியார் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

70 என்றால் ஐந்து மடங்கு பெருக்கிப் பார்த்தாலும் அச்சடித்த பிறகு ஏற்பட்ட பழுது எதுவும் தெரியக்கூடாது. இந்தக் காலத்து நாணயச்சாலையில் புரூஃபை மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய தகட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட தரம் அடித்து, கை படாமல் உறையில் போடுகிறார்கள். அதனால் 69 வருவது பெரிய விஷயமே இல்லை. 69க்கும் 70க்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பவர்கள், இணையப் பதிவேட்டில் யாருடைய தொகுப்பு உயர்ந்தது என்று போட்டி போடுகிறவர்கள்தான். 1971 சிலோன் ஒரு சதத்துக்கு அப்படிப் போட்டி போட எத்தனை பேர் இருப்பார்கள்? நம் செட்டுகள் ஐம்பது வருடம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தவை, அதுவும் இந்த ஈரத்தில். 70ஐ மறந்துவிடலாம். மங்கலைப் போக்கப் புளி, பற்பசை, பிராசோ எதுவும் வேண்டாம். ஈரத்தை உறிஞ்சச் சின்னப் பொட்டலமாக வருகிறதே சிலிக்கா ஜெல், அதில் இரண்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, சமையலறைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

காசு அசலா போலியா, புரூஃபா சாதாரண அச்சா என்று சந்தேகம் இருந்து, பதிலைப் பொறுத்து விலை பல மடங்கு மாறுமென்றால் மட்டும் அனுப்புங்கள். உங்கள் செட்டில் அந்தச் சந்தேகமே இல்லை. தகரப் பெட்டியில் வேறு ஏதும் உண்டா?

தலவாக்கலை மூடுபனி:
ஐயா, 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபா வெள்ளிக் காசு ஒன்றும் உண்டு. அதுவும் மின்னுகிறது.

நுவரெலியா மப்ளர்:
இது கேள்வி! அதற்குப் புரூஃப் பதிப்பும் உண்டு, சாதாரண பதிப்பும் உண்டு. ஓரத்தைப் பிடித்து எடுங்கள். வெறுமையான பரப்புக்குப் பக்கத்தில் பத்திரிகையை நிமிர்த்திப் பிடித்து, எழுத்து அதில் கண்ணாடி போலப் பிரதிபலிக்கிறதா பாருங்கள். அப்புறம் ஒரே விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். எடையும் போடுங்கள், 28.28 கிராம் இருக்க வேண்டும்.

தலவாக்கலை மூடுபனி:
நேற்று இரவு பார்த்தேன். கடைவீதியில் நகைக்கடைத் தராசில் 28.2 காட்டியது. வீரகேசரியின் பெரிய தலைப்பு எழுத்து வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரிந்தது, வாசிக்க முடியவில்லை. ஆனால் விளக்கின் கீழ் சாய்த்தால் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி வெளிச்சம் சுற்றி வருகிறது. 1971 செட்டில் அப்படி வரவே இல்லை, அதில் ஒரே கறுப்பு, ஒரே வெள்ளை.

நுவரெலியா மப்ளர்:
சுற்றுகிற வெளிச்சம் சாதாரண அச்சின் மினுக்கம். புரூஃப் இல்லை, தம்பி. ஆனால் அதிகம் கை படாத நல்ல காசு. 925 வெள்ளி, அதாவது 26 கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி. உருக்கக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தலவாக்கலை மூடுபனி:
வியாபாரிக்கு "அனுப்பவில்லை" என்று சொல்லிவிட்டேன். உடனே செட்டை 3,000 ரூபாவுக்குக் கேட்டார். லட்சம் போகும் என்றவர்தான்!

பண்டாரவளை வெயில்:
😄 ஸ்லாப்பில் (கிரேடிங் நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறையில்) அடைத்த காசு என்று யாராவது விற்க வந்தாலும் கவனம். அதிலுள்ள சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிட்ட பிறகே சல்லியை எடுங்கள், ஸ்லாப்பிலும் போலி வருகிறது.