வெளிநாட்டில் அவர்கள் ஊர் விதிகளை எவ்வளவு தூரம் கடைப்பிடிப்பது?

குமிழி:
அடுத்த மாதம் குடும்பமாகச் சிங்கப்பூர், தாய்லாந்து, அப்புறம் பாலி என்று ஒரு சுற்று போகிறோம். கூட வருகிற மைத்துனர் ஒற்றைக் காலில் நிற்கிறார்: "நாம் விருந்தாளிகள், காசு செலவழிக்கப் போகிறவர்கள், நம்மை யார் என்ன கேட்கப் போகிறார்கள்?" ஈ-சிகரெட் பழக்கம் வேறு, அதையும் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டார். நான் அவருக்கு நேரெதிர், கண்டதையும் தேடிப் படித்துக் குழம்பிப் போயிருக்கிறேன். எதை மீறினால் போலீஸ் வரும், எதை மீறினால் முகச்சுளிப்போடு போகும் என்று முன்கூட்டியே எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நமக்கு நியாயமாகப் படாத விதிக்கும் தலையாட்டத்தான் வேண்டுமா?

மருந்துக்கடைக்காரன்:
முதலில் அந்த ஈ-சிகரெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம், பிடிக்க வேண்டும் என்றில்லை. 2025 செப்டம்பரிலிருந்து தண்டனையை இன்னும் கூட்டிவிட்டார்கள். தாய்லாந்திலும் அதைக் கொண்டு வருவதற்குத் தடை. சூயிங் கம் தடை கதை எல்லோருக்கும் தெரியும், சிங்கப்பூரில் அது 1992லிருந்து இருக்கிறது.

ஆனால் நான் பெரிதாகச் சொல்ல வருவது மாத்திரை விஷயம். யாரும் இதை நினைப்பதே இல்லை. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த வலி மாத்திரை, பதற்றத்துக்குக் கொடுக்கிற சில மருந்துகள் இவற்றுக்கெல்லாம் சிங்கப்பூரில் முன்அனுமதி தேவைப்படும். அமீரகத்தில் கோடீன், டிரமடால் என்ற இரண்டு வலி மருந்துகளுக்கும் அப்படித்தான். ஜப்பானில் மூக்கடைப்புக்குக் கொடுக்கிற சூடோஎபிட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது சாதாரண ஜலதோஷ மாத்திரையாக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அட்டையிலிருந்து எல்லா மாத்திரையையும் பிரித்து, திங்கள் செவ்வாய் என்று கிழமை போட்ட டப்பாவில் நிரப்பி எடுத்துக்கொண்டு வருவார்கள் பாருங்கள், அதைச் செய்ய விடாதீர்கள். பெயரில்லாத வெள்ளை மாத்திரையைப் பார்க்கிற சுங்க அதிகாரிக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்? அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். நடுவில் விமானம் மாறுகிற நாட்டுக்கும் சேர்த்துப் பாருங்கள், அங்கே ஊருக்குள் போகாவிட்டாலும் அவர்கள் சட்டம் உங்களுக்கும் உண்டு.

தென்கரை:
போலீஸா முகச்சுளிப்பா என்று பிரிக்கிற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை குமிழி. இன்று வேண்டுகோளாக இருப்பது நாளைக்குச் சட்டமாகிவிடுகிறது, அதுவும் நம்மைப் போன்று வந்து போகிறவர்களால்தான். ஆஸ்திரேலியாவில் உலுரு பாறையின் அடிவாரத்தில், "இது எங்களுக்குப் புனிதமான இடம், தயவுசெய்து ஏறாதீர்கள்" என்று அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் வருடக்கணக்காகப் பலகை வைத்திருந்தார்கள். தடை கிடையாது, கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பலகையைப் படித்துவிட்டு அதன் பக்கத்திலேயே சங்கிலியைப் பிடித்து ஏறினார்கள் ஜனங்கள். கடைசியில் 2019 அக்டோபர் 26 அன்று ஏறுவதையே மூடிவிட்டார்கள். ஜப்பானில் கியோட்டோ நகரத்தின் கியோன் பகுதியிலும் இதே கதை. பாரம்பரிய ஆடல் பாடல் கலைஞர்களான கெய்ஷாக்களைத் துரத்தித் துரத்திப் படமெடுத்ததில் அலுத்துப்போய், 2024இல் தனியார் சந்துகளில் நுழையக் கூடாது, நுழைந்தால் 10,000 யென் என்று பலகை மாட்டிவிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரி என்று அர்த்தமில்லை, பல ஊர்களில் வெளியாளை முகத்துக்கு நேரே கண்டிக்க மாட்டார்கள்.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். தாய்லாந்தில் கோயிலுக்கும் அரண்மனைக்கும் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், உட்காரும்போது பாதம் புத்தரை நோக்கி நீளக் கூடாது. ரூபாய் நோட்டு மாதிரி அங்கே பாட் நோட்டிலும் படம் இருக்கும், அரசர் படம். காற்றில் நோட்டு பறந்தால் சட்டென்று காலால் மிதித்துப் பிடிக்கத் தோன்றும் இல்லையா, அதை அங்கே செய்துவிடாதீர்கள். அரசரை அவமதிப்பது 112வது பிரிவில் 3 முதல் 15 வருடம் வரை சிறை, ஃபேஸ்புக்கில் கிண்டலாக எழுதுவதும் இதில் வரும். பாலியில் நடைபாதையில் ஓலைத் தட்டில் சாமிக்குப் பூ வைத்திருப்பார்கள், தாண்டாமல் சுற்றிப் போங்கள். தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: நியேபி என்கிற அவர்களுடைய மௌன நாளில் விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும், விடுதியை விட்டு வெளியே வர முடியாது, இரவில் விளக்கு வெளியே தெரியக் கூடாது. சுற்றுலாப் பயணிக்கு விதிவிலக்கு இல்லை, மைத்துனருக்குச் சொல்லுங்கள்.

எதிர்க்கட்சி:
எல்லாரும் இப்படிப் பணிந்து போகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 2014இல் இலங்கையில் கையில் புத்தர் படம் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணை விமான நிலையத்திலேயே பிடித்து நாடு கடத்தினார்கள். அவர் அவமதிக்கவா குத்திக்கொண்டார்? 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று சொல்லி இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதிகாரி சொல்வதெல்லாம் சட்டம் ஆகிவிடாது.

தென்கரை:
தீர்ப்பு சரிதான், நானும் அவர் பக்கம்தான். ஆனால் அதற்குள் அவர் சில இரவுகள் காவலில் கழித்தாயிற்று, பயணம் போயிற்று, தீர்ப்பு வர மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு வாரம் விடுமுறையில் போகிறவருக்கு அந்தப் பொறுமை இருக்குமா? பச்சை குத்தியிருந்தால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போகலாம், அது ஒன்றும் கொள்கையை விட்டுக்கொடுப்பது இல்லை. அங்கேயே வாழ்கிறவர்கள் விதியை எதிர்க்கட்டும், அதற்கான விலையும் அவர்களுக்குத் தெரியும். இன்னொரு பக்கம், மலேசியாவின் கினபாலு மலை உச்சியில் 2015இல் சில பயணிகள் உடையைக் கழற்றிப் படம் எடுத்தார்களே, மூன்று நாள் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், அதில் எந்த உரிமை இருந்தது? அந்த ஊர்க்காரர்களுக்கு அது முன்னோர்களின் ஆவி வாழ்கிற மலை.

குமிழி:
நன்றி எல்லோருக்கும். ஈ-சிகரெட் வெளியே வந்துவிட்டது, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான். ஒன்று மட்டும்: ஏதாவது ஆகிவிட்டால் தூதரகம் பார்த்துக்கொள்ளும் என்கிறாரே மைத்துனர்?

மருந்துக்கடைக்காரன்:
வந்து பார்ப்பார்கள், வெளியே கொண்டுவர மாட்டார்கள். 1963ஆம் வருட வியன்னா ஒப்பந்தத்தின் 36வது பிரிவுப்படி, கைது செய்யப்பட்டால் உங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், அது உங்கள் உரிமை, கட்டாயம் கேளுங்கள். அதிகாரி வந்து பேசுவார், வக்கீல்கள் பட்டியல் கொடுப்பார், வீட்டுக்குச் சொல்வார். வழக்கை நிறுத்தச் சொல்லி அவரால் கேட்க முடியாது, வக்கீல் செலவும் உங்களுடையதுதான். தூதரகத்தின் தொலைபேசி எண்ணை மைத்துனர் போனில் மட்டும் வைக்காதீர்கள், போனைத்தான் முதலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஒரு தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள்.