வெல்ட் இல்லாவிட்டால் சோல் மாற்றவே முடியாதா?

ஆம்பூர்க்காரன்:
நேற்று இங்கே ஒருவர், "குட்இயர் வெல்ட் இல்லாத ஷூ எல்லாம் குப்பை, ஒட்டு ஷூவுக்கு சோல் மாற்றவே முடியாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வெல்ட் என்றால் ஷூவின் ஓரமாகச் சுற்றி வரும் பட்டையில் சோலைத் தைப்பது, ஒட்டு என்றால் சோலைப் பசையால் மட்டும் ஒட்டுவது. படித்ததிலிருந்து எரிச்சல். பழைய சோலைச் சூடு காட்டிப் பிரித்து, அடிப்பக்கத்தை உரசிச் சொரசொரப்பாக்கி, இரண்டு பக்கமும் பசை தடவிக் காயவிட்டு, மறுபடி சூடாக்கி அழுத்தினால் புது சோல் உட்கார்ந்துவிடும். தினமும் நடக்கிற வேலை இது. முடியாது என்று எழுத எப்படி மனசு வருகிறது?

வெல்ட்பிரியன்:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். உட்காரும், சரி, எத்தனை நாளைக்கு? வெல்ட் ஷூவில் மேல்தோல், உள்சோல், வெல்ட் பட்டை மூன்றையும் ஒரு தையல் பிடிக்கிறது. பட்டையோடு அடிச்சோலைப் பிடிப்பது வேறு தையல். அந்த இரண்டாவதை மட்டும் பிரித்தால் போதும், மேல்தோலைத் தொடவே வேண்டாம். ஒட்டு ஷூவில் இது முடியாது.

ஆம்பூர்க்காரன்:
மறுபடியும் "முடியாது". சோல் மாற்ற முடியுமா, முடியாதா? அதற்கு மட்டும் பதில்.

கிண்டிவாசி:
நடுவில் ஒன்று கேட்கிறேன். என் ஷூவில் ஓரமாகச் சுற்றிலும் தையல் தெரிகிறது. அப்படியானால் அது வெல்ட் ஷூதானே?

வெல்ட்பிரியன்:
பெரும்பாலும் ஆமாம்.

ஆம்பூர்க்காரன்:
பெரும்பாலுமா! கிண்டிவாசி, இவரை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். ஒட்டு ஷூவிலும் அழகுக்காக ஓரத்தில் தையல் ஓட்டுவார்கள். சிலதில் அது நூல்கூட இல்லை, ரப்பரில் அச்சு வார்த்த கோடு. உள்ளே இருக்கும் மெல்லிய விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். உள்சோலின் ஓரத்தில் சுற்றிலும் நூல் ஓடினால் அது பிளேக் தையல், அதாவது பட்டை இல்லாமல் உள்சோலையும் அடிச்சோலையும் நேரே சேர்த்துத் தைப்பது, லைமன் பிளேக் 1858-லேயே காப்புரிமை வாங்கியது. உள்ளே நூல் இல்லாமல், பட்டையில் தெரியும் தையல் நிஜமாகவே அடிச்சோல் வரை இறங்கினால் வெல்ட். எங்குமே நூல் இல்லையென்றால் ஒட்டு. இதுகூடத் தெரியாமல் 'குப்பை' என்று எழுத வந்துவிடுகிறார்கள்.

மாம்பலம்72:
ஒட்டு ஷூவை நானும் நம்புவதில்லை. விசேஷத்துக்கென்று பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். மண்டப வாசலில் சோல் மாவு மாதிரி உதிர்ந்துவிட்டது.

வெல்ட்பிரியன்:
கேட்டுக்கொள்ளுங்கள் ஆம்பூர்க்காரரே.

ஆம்பூர்க்காரன்:
எதைக் கேட்க? அது பாலியூரித்தேன் சோல். காற்றின் ஈரம் பட்டுப்பட்டே உள்ளுக்குள் சிதையும், போடாமல் வைத்திருந்தாலும் தப்பாது. உதிர்ந்தது சோல், விட்டது பசை இல்லை. பழியை மட்டும் பசைமேல் போடுகிறீர்கள். இன்னொன்று, உங்கள் குட்இயர் வெல்டில் உள்சோலுக்கு அடியில் ஒரு கேன்வாஸ் விளிம்பு இருக்கிறதே, முதல் தையலே அதில்தான் ஏறுகிறது. அந்த விளிம்பை உள்சோலில் எதை வைத்து ஒட்டுகிறார்கள்?

வெல்ட்பிரியன்:
அது வேறு விஷயம். கையால் வெல்ட் போடும் ஷூவில் உள்சோல் தோலையே செதுக்கி விளிம்பு எடுப்பார்கள்.

ஆம்பூர்க்காரன்:
நான் கையால் போடுவதைக் கேட்கவில்லை. குட்இயரில் அது பசையா, இல்லையா?

வெல்ட்பிரியன்:
போன மழைக்காலத்தில், நனைந்த ஷூவை வெயிலில் காயவைக்கச் சொன்ன ஆள் நீங்கள். உங்களிடம் பாடம் கேட்கும் நிலையில் நான் இல்லை.

ஆம்பூர்க்காரன்:
பொய். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள், காகிதம் ஈரமானால் மாற்றுங்கள் என்றுதான் எழுதினேன். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து, மடிப்பில் வெடிக்கும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும்.

கிண்டிவாசி:
விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், உள்ளே நூல் இல்லை. பட்டையில் தெரிவது அடியில் இறங்குகிறதா என்று புரியவில்லை. குட்இயர் என்றால் அந்த டயர் கம்பெனியா?

வெல்ட்பிரியன்:
ஆமாம், அவர்களேதான்.

ஆம்பூர்க்காரன்:
இதுவும் தப்பு! ரப்பரைப் பதப்படுத்திய சார்லஸ் குட்இயரின் மகன் பெயரில் வந்தது வெல்ட் இயந்திரம். டயர் கம்பெனி 1898-இல் வேறு ஆட்கள் ஆரம்பித்து, அப்பாவின் பெயரை வைத்துக்கொண்டது. கிண்டிவாசி, அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், நான் பார்க்கிறேன். வெல்ட்பிரியன், கேன்வாஸ் விளிம்புக்கு இன்னும் பதில் வரவில்லை. பசையா, இல்லையா?

வெல்ட்பிரியன்:
முதலில் அந்த வெயில் பதிவைத் தேடி எடுத்துப் போடுகிறேன். அப்புறம் பேசலாம்.

ஆம்பூர்க்காரன்:
போடுங்கள். பசையா, இல்லையா?