நைட்லி பைப்லைன் 12 மணிக்கு ஓடினால் மட்டும் ஒரு டெஸ்ட் ஃபெயில், காலையில் ரீரன் பண்ணினால் பாஸ். உதவி தேவை

பைப்லைன்_புதுசு
வணக்கம். நாங்க 4 பேர் டீம். மருந்துக்கடை கிளைகளுக்கான பில்லிங் ஆப்: கோடு ஓட நோட்ஜேஎஸ் (நோட்), டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ், டெஸ்டுக்கு ஜெஸ்ட். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் பைப்லைன் (டெஸ்டையும் ரிலீஸையும் தானா ஓட்டுறது) போட்டு ரெண்டு மாசம் ஆகுது. பகலில் மெர்ஜ் பண்ணினா டெஸ்ட் மட்டும் ஓடும். ராத்திரி ஒரு நைட்லி ஓடும், எல்லாம் பாஸ் ஆனா டாக்கர் இமேஜ் (ஆப்பை மொத்தமா அடைச்ச பொட்டலம்) கட்டி நேரா சர்வருக்குப் போயிடும்.

முதலில் நைட்லியை 10 மணிக்கு வெச்சிருந்தோம், ஒழுங்கா போச்சு. அந்த நேரத்தில் கடைகளில் இன்னும் பில் போடுறாங்கன்னு 12க்கு மாத்தினோம். அன்னையிலிருந்து ஒரு நாள்கூட பச்சை இல்லை. விழுறது ஒண்ணே ஒண்ணு, "இன்றைய விற்பனை மொத்தம்". எதிர்பார்த்தது 450, வந்தது 0. காலையில் ஆபீஸ் வந்து ரீரன் அமுக்கினா பாஸ். லேப்டாப்பில் எந்நேரமும் பாஸ். போன சனிக்கிழமை ராத்திரி 1 மணிக்குக் கண் முழிச்சு ஓட்டியும் பார்த்துட்டேன். கேஷை அழிச்சாச்சு, நோட் வெர்ஷனை லாக் பண்ணியாச்சு. ஒண்ணும் மாறலை.

வேகம்_முக்கியம்
ஃப்ளேக்கி டெஸ்ட் ப்ரோ, காரணமில்லாம ஒரு நேரம் பாஸ், ஒரு நேரம் ஃபெயில் ஆகும். ரீட்ரை 3 போட்டு விடுங்க, வேலை ஓடும்.

பைப்லைன்_புதுசு
போட்டேன் ப்ரோ. மூணு தடவையும் விழுது.

டெஸ்ட்_அக்கா
மூணு தடவையும் விழுந்தா அது ஃப்ளேக்கி இல்லப்பா. ஜெஸ்ட் ஃபைல்களைத் தனித்தனி வொர்க்கரில் ஒரே நேரத்தில் ஓட்டும். எல்லாம் ஒரே டேட்டாபேஸைத் தொட்டா, ஒரு ஃபைல் போட்ட பில்லை இன்னொண்ணு அழிச்சிடலாம். எல்லாத்தையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஓட்டிப் பாரு.

பைப்லைன்_புதுசு
பார்த்தேன் அக்கா. நேரம்தான் மூணு மடங்கு ஆச்சு, அந்த டெஸ்ட் அப்படியேதான் விழுது.

கணக்குப்பிள்ளை
எதையும் மாத்தாம மூணு விஷயம் சொல்லுங்க தம்பி. ஒண்ணு, விழுந்த ரன், பாஸ் ஆன ரன் எல்லாத்துக்கும் இந்திய நேரம். ரெண்டு, பில் தேதியை எது முடிவு பண்ணுது, நோடா டேட்டாபேஸா? மூணு, டேட்டாபேஸின் டைம்ஸோன் என்ன?

பைப்லைன்_புதுசு
விழுந்தது எல்லாம் ராத்திரி 12:00க்கும் காலை 5:30க்கும் நடுவில். ஒரு நாள் ராத்திரி 11:50க்குக் கையால் ஓட்டினது பாஸ், காலை 6 மணிக்கு ஓட்டினதும் பாஸ். பில் போடும் ஃபங்ஷன் நோடில் இப்போதைய நேரத்தை எடுத்து வருஷம், மாசம், தேதியைப் பிரிச்சு எழுதுது. ரிப்போர்ட் எஸ்க்யூஎல்லில் கரன்ட் டேட்டை (டேட்டாபேஸின் இன்றைய தேதி) வெச்சுத் தேடுது. டேட்டாபேஸுக்கு மைக்ரேஷனிலேயே ஆசியா/கொல்கத்தா செட் பண்ணியிருக்கோம்.

கணக்குப்பிள்ளை
5:30ன்னு நீங்களே எழுதிட்டீங்க. கிட்ஹப் தர்ற ரன்னர் மெஷின் யூடிசி நேரத்தில், அதாவது நமக்கு 5:30 மணி பின்னாடி இருக்கிற உலகப் பொது நேரத்தில் ஓடும். நமக்கு ராத்திரி 12 அடிக்கும்போது அங்கே மணி 18:30, தேதி இன்னும் நேத்து. நோட் நேத்தைய தேதியில் பில் எழுதுது, டேட்டாபேஸ் இன்னைய தேதியில் தேடுது, மொத்தம் 0. காலை 5:30க்கு யூடிசியிலும் நாள் மாறினதும் ரெண்டும் ஒத்துப்போகுது. லேப்டாப்பில் நோட், டேட்டாபேஸ் ரெண்டுமே இந்திய நேரம், அதனால நீங்க 1 மணிக்குக் கண் முழிச்சது வீண்.

உங்க கிரான் வரியில் (நைட்லி எப்போ ஓடணும்னு சொல்ற வரி) 30 18, அதாவது 18:30ன்னுதானே இருக்கும்? அதை எழுதும்போது யூடிசி கணக்குப் போட்டிருக்கீங்க, கோடில் மறந்துட்டீங்க.

இதைவிட முக்கியமானது: டெஸ்ட் கூப்பிடுறது நிஜ ஃபங்ஷனைத்தானே? சர்வரில் நோட் ஓடுற கன்டெய்னரில் (அந்த டாக்கர் இமேஜ் ஓடுற பெட்டி) டைம்ஸோன் எதுவும் வைக்கலைன்னா அதுவும் யூடிசிதான். ராத்திரி முழுக்கத் திறந்திருக்கிற கிளை ஏதாவது இருக்கா?

பைப்லைன்_புதுசு
இருக்குண்ணா. ஒரு 24 மணி நேரக் கிளை. ராத்திரி கவுன்டர் பில் எல்லாம் முந்தின நாள் கணக்கில் ஏறுதுன்னு மூணு வாரமா சொல்லிட்டிருந்தாங்க. கேஷியர் நாளை மூடாம விட்டிருப்பார்னு நாங்க பதில் எழுதினோம்.

டெஸ்ட்_அக்கா
ஐயோ. ரீட்ரையில் அது பாஸ் ஆகியிருந்தா இன்னும் கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க.

பைப்லைன்_புதுசு
பைப்லைனிலும் கன்டெய்னரிலும் டைம்ஸோனைச் சொல்ற டிஇசட் வேரியபிளை ஆசியா/கொல்கத்தான்னு வெச்சேன். நைட்லி முதல் தடவையா பச்சை! ஆனா ஸ்டேஜிங்கில் (சோதனை சர்வர்) இப்போ பில் பிடிஎஃப் எல்லாத்திலும் ஒரு நாள் முந்தின தேதி அச்சாகுது. பகலில்கூட.

கணக்குப்பிள்ளை
அதுக்குத்தான் பயந்தேன். நோடையும் போஸ்ட்கிரெஸையும் இணைக்கிற டிரைவர், தேதி ஃபீல்டைப் படிக்கும்போது, ப்ராசஸின் உள்ளூர் நேரப்படி நள்ளிரவு 12 மணின்னு ஒரு டேட் பொருளாக்கித் தரும். பிடிஎஃப் கோடு அதை ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்காக்கி (வருஷம்-மாசம்-தேதி, அப்புறம் நேரம்னு வர எழுத்து வடிவம்) முதல் 10 எழுத்தை வெட்டுதுன்னு நினைக்கிறேன். ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங் எப்பவும் யூடிசி. நம்ம நள்ளிரவு அங்கே முந்தின நாள் 18:30. இத்தனை நாள் கன்டெய்னர் யூடிசியில் இருந்ததால் தப்பிச்சீங்க. லேப்டாப்பில் எப்பவுமே தப்பாத்தான் வந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டீங்க.

டிஇசட்டை எடுத்துடுங்க. மெஷின் எந்த நேரத்தில் இருந்தாலும் சரியா வர மாதிரி கோடை மாத்துங்க. "கடையின் தேதி"ன்னு ஒரே ஃபங்ஷன். நேரத்தையும் ஸோன் பெயரையும் வெளியிலிருந்து வாங்கிக்கணும். பில்லும் ரிப்போர்ட்டும் அதைத்தான் கேட்கணும், எஸ்க்யூஎல்லில் கரன்ட் டேட் கூடாது. இல்லன்னா டெஸ்டில் நீங்க போலி நேரம் குடுத்தாலும் டேட்டாபேஸ் தன் கடிகாரத்தைத்தான் பார்க்கும். தேதி ஃபீல்டை டிரைவர் வெறும் ஸ்ட்ரிங்காவே தர மாதிரி டைப் பார்சரை மாத்திடுங்க. அப்புறம் 18:29, 18:31 யூடிசின்னு ரெண்டு நேரம் குடுத்து ரெண்டு டெஸ்ட். கோடு தப்பா இருந்தா அது பகலிலேயே விழும், நைட்லிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

யாழ்_டெவ்
ஒரு சின்னக் குறிப்பு. ஸோன் பெயருக்குப் பதிலா +5:30 எண்டு நேரடியா எழுதிப்போடாதேங்கோ. எங்கட இலங்கையில 1996இல ரெண்டு தரம் நேரத்தை மாத்தி, 2006 ஏப்ரலிலதான் திரும்ப 5:30க்கு வந்தது. ஒரு பழைய டேட்டாவை +5:30 போட்டு மாத்தி, நள்ளிரவுப் பதிவுகள் எல்லாம் நாள் பிசகி நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆசியா/கொழும்பு எண்டு குடுத்தா அந்த வரலாறு எல்லாம் அதுக்குள்ளேயே இருக்கு.

பைப்லைன்_புதுசு
எல்லாருக்கும் நன்றி. கோடு மாத்தியாச்சு, ரெண்டு எல்லை டெஸ்டும் போட்டாச்சு, ரீட்ரை வரியைத் தூக்கியாச்சு. நைட்லி மூணு நாளா தானா சர்வருக்குப் போகுது. பழைய பில்களில் உருவான நேரம் டைம்ஸோனோடு பதிவாகியிருக்கு, அதை வெச்சுத் தேதியை ஒரே அப்டேட்டில் திருத்திடலாமா?

கணக்குப்பிள்ளை
திருத்தலாம், ஆனா நீங்களா திருத்தாதீங்க. தப்பான தேதி அச்சான பில் வாடிக்கையாளர் கையில் இருக்கு. ஒண்ணாம் தேதி விடியற்காலையில் போட்ட பில்லெல்லாம் போன மாசத்து ஜிஎஸ்டி கணக்கில் போயிருக்கும். லிஸ்ட் மட்டும் எடுத்து அவங்க ஆடிட்டரிடம் குடுங்க, அவர் சொல்றபடி செய்யுங்க.

பைப்லைன்_புதுசு
லிஸ்ட் அனுப்பிட்டேன். மாச எல்லையில் 19 பில் மாட்டுது. அந்த கேஷியருக்கு இன்னைக்குப் போன் பண்ணணும்.