நாற்காலியில் தொழுதவரும் நான் சொன்ன ஒரு வரியும்

அஸ்ஸலாமு அலைக்கும். பிறரைப் பற்றி நல்லெண்ணம் வைப்பதில் ஆளுக்கொரு அனுபவம் சொல்லலாம் என்றோம். நானே தொடங்குகிறேன், பல நாளாக மனதை உறுத்திக்கொண்டிருப்பதால்.

எங்கள் பள்ளிவாசலுக்கு ஒருவர் புதிதாக வரத் தொடங்கினார். வயது நாற்பதுக்குள் இருக்கும். படியில் விறுவிறுவென்று ஏறுவார், நின்று தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்குவார், ஓதும் நேரமெல்லாம் நின்றபடியே இருப்பார். ஆனால் குனியும் ருகூஉவுக்கும், நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதுக்கும் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நான் அடுத்த ஸஃப்பில், அதாவது தொழுகை வரிசையில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, கூட வந்தவரிடம், "நடக்க முடிகிறது, நிற்க முடிகிறது, நெற்றியைத் தரையில் வைக்க மட்டும் முடியவில்லை போலிருக்கிறது" என்றேன். அவ்வளவுதான், ஒரே வரி. அவரும் தலையாட்டினார்.

சில வாரம் கழித்து வாசலில் அந்த மனிதர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய சாவிக்கொத்து கீழே கிடந்தது. "கொஞ்சம் எடுத்துத் தருவீர்களா? விழித்திரையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. தலையைக் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். "ஜஸாகல்லாஹு கைரன்" என்று சிரித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றிரவு சூரா அல்ஹுஜுராத்தின் 12வது வசனத்தை எடுத்து ஓதினேன். எத்தனை முறை கேட்ட வசனம்! எண்ணங்களில் பலவற்றைத் தவிர்ந்துகொள்ளுங்கள், அவற்றில் சில பாவம் என்று தொடங்குகிறது. அடுத்து, துருவித் துருவி ஆராயாதீர்கள். அதற்கும் அடுத்ததுதான் புறம் பேசாதீர்கள். அந்த மூன்றும் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்று அன்றுதான் விளங்கியது. முதலில் நினைத்தேன், பிறகு தொழுகையிலேயே அவரைக் கண்காணித்தேன், கடைசியில் வாய் திறந்தேன். படி தவறாமல் இறங்கியிருக்கிறேன்.

சாவி கீழே விழாமல் இருந்திருந்தால் இன்றும் அவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் பேசியது அவருக்குத் தெரியாது. போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்கவா, வேண்டாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

சகோதரரே, வ அலைக்கும் ஸலாம். உங்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எனக்கு இன்றுவரை தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒருநாள் என் நாத்தனார் போனில் பேசிக்கொண்டிருந்தார். அறைக்குள் நுழையும்போது என் பெயர் காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அப்புறம் ஒரு மாதம் என் மனம் பட்ட பாடு! அவர் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

என்னை அதிலிருந்து மீட்டது சூரா அந்நூர். நபி (ஸல்) அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பியபோது இறங்கிய வசனங்களில் 12வது: இதைக் கேட்டபோது இறைநம்பிக்கை கொண்ட ஆண்களும் பெண்களும் தங்களைப் பற்றியே நல்லதை எண்ணியிருக்க வேண்டாமா என்று அல்லாஹ் கேட்கிறான். 'அவரைப் பற்றி' என்று இல்லை, 'தங்களைப் பற்றி' என்று இருக்கிறது. நபித்தோழர் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். ஊர் பேசுவதை மனைவி சொன்னபோது, "நீ அப்படிச் செய்வாயா?" என்று கேட்டார். "அல்லாஹ்வின் மீது ஆணையாக, மாட்டேன்" என்றார் மனைவி. "ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவர்" என்றார் அவர்.

நானும் என்னையே கேட்டேன்: ஒருவர் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவரே வந்து நின்றால், நல்லதையே பேசியிருந்தாலும் நான் சட்டென்று நிறுத்திவிட மாட்டேனா? நிறுத்துவேன். நிறுத்தியும் இருக்கிறேன். நாத்தனாரிடம் இதுவரை எதையும் கேட்கவில்லை. இனியும் கேட்கப்போவதில்லை.

*

நான் மறுபக்கத்தில் இருந்தவன். ஜமாஅத்தின் ஜகாத் கணக்கு என் கையில் இருந்தபோது ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் கணக்கைக் காட்டச் சொன்னார். "என் மேல் நல்லெண்ணம் இல்லையா?" என்று கோபப்பட்டேன். இன்று நினைத்தால் அது தவறான கேள்வி. குர்ஆனின் மிக நீளமான வசனமே, அல்பகராவின் 282, கடனை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்கிறது. எழுதி வைப்பது சந்தேகப்படுவது ஆகாது.

நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே தங்கி வணங்கும் இஃதிகாபில் இருந்தபோது அவர்களின் மனைவி ஸஃபிய்யா (ரலி) பார்க்க வந்தார்கள். இரவில் அவர்களை வழியனுப்பும்போது மதீனாவைச் சேர்ந்த தோழர்களான இரண்டு அன்ஸாரிகள் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்கள். நபியவர்கள் அவர்களை நிறுத்தி, "இவர் ஸஃபிய்யா" என்றார்கள். யாரும் கேட்கவில்லை, நபியவர்களாகவே சொன்னார்கள். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் கணக்கை நானே பலகையில் ஒட்டினேன்.

*

முதலில் எழுதியவருக்கு: அவருக்குத் தெரியாததைச் சொல்லிக் காயப்படுத்த வேண்டாம், அவருக்காக துஆ செய்து, எங்கே தவறாகப் பேசினீர்களோ அங்கேயே நல்லதைப் பேசுங்கள் என்பது இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்களின் கருத்து. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. ஆனால் துஆவோடு மட்டும் நின்றுவிடாதீர்கள், அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள்.

இன்னொன்று. 'எழுபது காரணம் தேடு' என்று நபிமொழியாகப் பலரும் பகிர்கிறார்கள். அது முன்னோர் கூற்று, நபிமொழி அல்ல. புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவான இன்னொன்று இருக்கிறது, படித்த நாளிலிருந்து என்னை விடவில்லை. ஒருவன் திருடுவதை ஈஸா (அலை), அதாவது இயேசு அவர்கள் பார்த்துவிட்டு, திருடினாயா என்று கேட்கிறார்கள். இல்லை என்று அவன் அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்கிறான். "அல்லாஹ்வை நம்புகிறேன், என் கண்ணைப் பொய்யாக்குகிறேன்" என்கிறார்கள் ஈஸா. கண்ணால் கண்டவரே அப்படிச் சொன்னார். நாம் பார்ப்பதோ பெரும்பாலும் அரைகுறையாகத்தான்.

*

மறுபடி நான். அவரிடம் சொல்லவில்லை. அன்று என்னோடு வந்தவரிடம் போய், கண் ஆபரேஷன் என்று சொல்லாமல், "நான் அன்று பேசியது தவறு, அவருக்கு உண்மையிலேயே முடியாது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேனே" என்றார்.

ஒருவரை நேற்று இஷா தொழுகைக்குப் பிறகு பிடித்துப் பேசிவிட்டோம். இன்னொருவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும்தான் வருவார்.